லாக்மேயின் மணிப் பாட்டு: உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட பதிவு எது?

வடக்குப் பாரிஸ்:
மாதி மெஸ்ப்ளே 1970இல் பதிவு செய்தது. அலேன் லொம்பார் நடத்தும் இசைக்குழு. லாக்மே ஒரு பிரெஞ்சு ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம். மணிப் பாட்டு அதன் நாயகி லாக்மே பாடுவது. கதையை நீட்டாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உணவகத்தில் இரவு வேலை. கடை அடைத்த பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்காரரின் ரேடியோவில் ஒரு பெண் குரல் சொல்லே இல்லாமல் வெகுநேரம் மேலே ஏறி இறங்கியது. பிறகுதான் வரிகள் வந்தன. மெஸ்ப்ளே ஒவ்வோர் எழுத்தையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தனித்தனியாக எடுத்து வைப்பார். "இளம் இந்துப் பெண் எங்கே போகிறாள்" என்றார். அடுத்து, "பாரியாக்களின் மகள்" என்றார். குழாயை மூடிவிட்டேன்.

என் அப்பா பறை அடித்தவர். அந்தச் சொல் எங்கள் ஊரில் எந்தக் குரலில், யார் மீது வீசப்பட்டது என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே சொல்லைப் பாரிஸில், நள்ளிரவில், அவ்வளவு மென்மையாக ஒருவர் பாடுகிறார். சமையல்காரரிடம் அதற்குப் பொருள் கேட்டேன். "யாரும் பக்கத்தில் உட்கார விரும்பாத ஆள்" என்றார். அது எங்கிருந்து வந்த சொல் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் மொழியிலிருந்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிவை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயடியில் போய்த்தான் நிற்கிறேன்.

ஐந்து கட்டை:
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டின் உயிர் சொல் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பது என் கட்சி.

நான் கர்நாடக இசை சொல்லிக்கொடுப்பவள். ஒரு மாலை மாணவிகளுக்கு நத்தலி தெசேயின் பதிவைப் போட்டேன். 1997இல் துலூஸ் நகர இசைக்குழுவுடன் மிஷெல் பிளாசோன் நடத்தியது. வகுப்பு முடிந்தும் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. தொடக்கத்தில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, பாடகி சொல்லில்லாமல் 'ஆ' என்ற வெறும் அகாரத்தில் தனியாக நிற்பார் அல்லவா? அந்த இடத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்துபோய்ச் சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவங்க தனியா இருக்கணும் மிஸ்" என்றாள். பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படிக் கேட்கும் காது எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை.

இந்த வகைக் குரலைக் கழைக்கூத்து என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியின் அளவு. ஐந்து கட்டையில் பாடும் பெண் தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் நின்றாலே சபை நிமிர்ந்து உட்காரும். மணிப் பாட்டின் உச்சி அதற்கும் மேலே, ஒரு முழு ஸ்தாயியையும் தாண்டிய மூன்று கட்டைச் சுரம். அங்கே போய்க் கத்தாமல் மணிபோல ஒலிக்க வேண்டும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, ஒவ்வொரு சுரத்தையும் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும். தெசே அதைச் செய்யும்போது ஒரு பெண்ணின் பயமும் கூடவே கேட்கிறது. சில ஆண்டுகளில் அவருடைய குரல்நாண்களுக்கு இருமுறை அறுவைச் சிகிச்சை நடந்தது. 2013இல் ஓபரா மேடையை விட்டே விலகினார். அதை அறிந்தபின் இந்தப் பதிவை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

பழைய இசைத்தட்டு:
இருவரும் மணிப் பாட்டோடு நின்றுவிட்டீர்கள். லாக்மே மூன்று அங்கங்கள் கொண்டது!

புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் மாதோ ரொபேனின் 1952 பதிவு பெட்டியோடு கிடைத்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் கடைசித் தட்டு இல்லை. ஒன்பது ஆண்டுகள் என் வீட்டில் லாக்மே சாகவே இல்லை. இரண்டாம் அங்கத்தில் அவளுடைய காதலனான ஆங்கிலேய அதிகாரி ஜெரால்டைக் கத்தியால் குத்துவார்கள், ஊசியை எடுத்து வைத்துவிடுவேன். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் தட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம்.

போன தை மாதம் வேறொருவரிடமிருந்து அது வந்து சேர்ந்தது. காதலரைப் பிரியாமல் காக்கும் புனித நீரை எடுக்கப் போன லாக்மே திரும்பி வருகிறாள். அதற்குள் படைவீரர்களின் பாட்டு தொலைவில் கேட்டு ஜெரால்டின் மனம் மாறிவிட்டது. அவள் ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல் ஊமத்தையைத் தின்கிறாள். பிறகு, "மிக இனிய கனவை நீ எனக்குத் தந்தாய்" என்கிறாள். உச்சக் குரலுக்கே பேர்போன ரொபேன் இங்கே ஒரு வித்தையும் காட்டாமல், பிள்ளையிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். தட்டு முடிந்து ஊசி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் எடுக்க மனம் வரவில்லை. ரொபேன் 1960இல், நாற்பத்திரண்டு வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

கரிசல்காடு:
நான் ஜோன் சதர்லேண்டின் 1967 பதிவை ஒரு பேருந்துப் பயணத்தில் கேட்டேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும்.

தொகுப்புத் தட்டுகளில் மணிப் பாட்டைத் தனியாகக் கேட்காதீர்கள். அது சந்தையில் நடக்கிறது. தன் கோயில் எல்லைக்குள் நுழைந்த வெள்ளைக்கார அதிகாரியைப் பிடிக்க, நீலகண்டன் என்ற பூசாரி பெற்ற மகள் லாக்மேயையே தூண்டிலாக்கிப் பாட வைக்கிறார். அவள் பாடுவதோ, காட்டில் வழிதவறிய அந்நியனைக் கொடிய விலங்குகளிடமிருந்து மணி ஒலித்துக் காப்பாற்றும் பெண்ணின் கதை. அந்த அந்நியன் விஷ்ணு. அவரைப் பிரம்மாவின் மகன் என்கிறது பாட்டு. நம் புராணத்தோடு ஒட்டாது, அதில் தடுக்கி நின்றுவிடாதீர்கள். கோந்தினேயும் ஜில்லும் எழுத, தெலிப் இசையமைத்து, 1883 ஏப்ரல் 14 அன்று பாரிஸின் ஒபேரா கோமிக் அரங்கில் ஏறிய கற்பனை இந்தியா அது. ஆனாலும் அரளியும் மல்லிகையும் ஊமத்தையும் நம்முடையவை. தோழியின் பெயர் மல்லிகா, அவளும் லாக்மேயும் சேர்ந்து பாடுவதும் மல்லிகையைப் பற்றி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்தில் அந்த மெட்டைக் கேட்டிருப்பீர்கள். லாக்மே என்பதே லட்சுமிதான். 1952இல் டாடா தொடங்கிய ஒப்பனைப் பொருள்களுக்கும் இந்த ஓபராவின் பெயரைத்தான் வைத்தார்கள்.

வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சதர்லேண்டிடம் குரல் வெள்ளமாக வரும், சொற்கள் அதில் கரைந்துபோகும். மெஸ்ப்ளேயிடம் சொல் முழுதாகக் கிடைக்கும், ஆனால் குரலின் வேகமான நடுக்கம் எல்லோருக்கும் பிடிக்காது. பழைய மோனோ பதிவுக்கு ஒலியைக் கூட்டாதீர்கள், சிறிய அறை போதும். இக்காலக் குரல் வேண்டுமென்றால் சபின் தெவியேலின் 2017 தொகுப்பில் மணிப் பாட்டு இருக்கிறது. ஐந்து கட்டை அவர்களே, சொல் இரண்டாம்பட்சம் என்பதை ஏற்க மாட்டேன். வரிகளை அறிந்த பிறகு அந்த அகாரத்தை மறுபடியும் கேளுங்கள்.

ஐந்து கட்டை:
சொல் இரண்டாம்பட்சம் என்று நான் சொல்லவில்லை. முன்னால் வருவது எது என்றுதான் சொன்னேன்.

வடக்குப் பாரிஸ்:
வரிகளை அச்செடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்தான் கடவுளைக் காப்பாற்றுகிறாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ரேடியோவில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வந்த எதுவும் காதில் ஏறவில்லை. பின்னாலும் அங்கேயே நிறுத்தி நிறுத்தித்தான் கேட்டிருக்கிறேன். அந்த நாள் முதல் காட்டில் வழிப்போக்கர்களுக்குச் சில சமயம் மணியோசை கேட்கும் என்று கடைசியில் வருகிறது. அதை நாலைந்து முறை படித்தேன்.

சமையல்காரர் வேலையை விட்டு மார்செய்ல் பக்கம் போய்விட்டார். அவருடைய எண் என்னிடம் இல்லை. முதலாளியிடம் இருக்கும், நாளை கேட்க வேண்டும். மூன்றாம் அங்கத்தை நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை.