வின்ச்சில் ஏவ எந்த இரட்டை இருக்கை கிளைடர் நல்லது?

நண்பர்களே, எஞ்சின் இல்லாத விமானங்களான கிளைடர்களை, தரையிலிருந்து கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் எந்திரத்தால் ஏவுகிற கிளப் எங்களுடையது. எங்கள் இரட்டை இருக்கை கிளைடரான ஏஎஸ்கே 13-க்கு ஓய்வு கொடுக்கப்போகிறோம். குணத்தில் தங்கம், ஆனால் மர இறக்கையையும் துணிப் போர்வையையும் செப்பனிடத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை.

அடுத்து எது என்பதில்தான் இழுபறி. பெரும்பாலோர் ஏஎஸ்கே 21 என்கிறார்கள். கண்ணாடி இழை உடல், 17 மீட்டர் இறக்கை விரிவு, மாணவர்கள் தொப்பென்று இறக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். என் தயக்கம் வேறு: அது எளிதில் சுழல் வீழ்ச்சிக்குள் (இறக்கை தூக்குவிசை இழந்து, சுழன்றபடி கீழே விழுவது) போகாது. வாலில் எடை சேர்த்தால்தான் அதிலிருந்து மீளும் பயிற்சியை முறையாகத் தர முடியும். புகாச் என்ற இன்னொரு இரட்டை இருக்கை கிளைடர் தயங்காமல் சுழலும். அதனாலேயே எங்களில் சிலருக்கு அதைக் கண்டால் கிலி. டிஜி 1000 என்ற கிளைடர் அழகுதான், ஆனால் அதன் உச்ச எடை 750 கிலோ, ஏஎஸ்கே 21-க்கு 600. எங்கள் வின்ச்சோ இப்போதே இருவர் ஏறினால் முனகுகிறது.

காற்றே இல்லாத நாளில், இருவருடன் உங்களுக்கு எவ்வளவு உயரம் கிடைக்கிறது? எஃகுக் கம்பியை விட்டுச் செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறியவர்களுக்கு உயரம் கூடியதா? ஏறும்போது கயிறு அறுந்தால், பின்னிருக்கைப் பயிற்றுநருக்கு எதில் பார்வை தெளிவாக இருக்கிறது? விற்பனைப் பிரசுரங்களைப் படித்துவிட்டோம். அன்றாடம் ஏவுகிறவர்கள் சொல்லுங்கள்.