லைனருக்குத் தமிழ்: உருளையுறையும் துணைச்சொற்களும்

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய டீசல் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் கையேட்டில் சிலிண்டர் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்குள் மாட்டும் குழல்) பற்றிய பகுதிக்குச் சொற்கள் வேண்டும். சிலிண்டருக்கு ‘உருளை’ நிலைத்துவிட்டது. லைனருக்கு உட்பூச்சு, உட்பூண், உறை என்று மூன்று பரிந்துரைகள் இருக்கின்றன. வெட் லைனர், டிரை லைனர் இரண்டுக்கும் ‘ஈர’, ‘உலர்’ என்ற அடைமொழிகள். லைனர் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலின்) முகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்குப் ‘புடைப்பு’. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

> உட்பூச்சு, உட்பூண், உறை

உட்பூச்சு வேண்டாம். பூச்சு என்றால் தடவுவது. லைனர் தனி வார்ப்பிரும்புக் குழல், கழற்றலாம், மாட்டலாம். உருளையின் உட்சுவரில் குரோமியம் போன்றவற்றை உண்மையாகவே பூசும் முறையும் உண்டு, அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

உட்பூண் அழகாக இருக்கிறது. ஆனால் பூண் உலக்கை நுனியிலும் கைத்தடியிலும் வெளிப்பக்கம் ஏறுவது. ‘உள்’ என்று முன்னால் போட்டு அதைத் திருப்பப் பார்க்கிறோம்.

என் வாக்கு ‘உருளையுறை’க்கு. வாளுறை, தலையணையுறை போல உறையும் வெளியே போர்த்துவதுதானே என்று கேட்பார்கள். உறைகிணறு என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். தோண்டிய குழிக்குள் சுவர் சரியாமல் வட்ட வட்டமாக இறக்குவது உறை. குழியின் உட்சுவரைக் காக்க உள்ளே இறக்கும் குழலுக்குத் தமிழில் சங்க காலத்திலிருந்தே இந்தச் சொல்தான். லைனரின் வேலையும் அதுவே. தேய்வது உறை, பிழைப்பது பிளாக்.

> ஈர, உலர்

இந்த இரண்டையும் நான் ஏற்கவில்லை. ‘ஈர உறை’ என்று படிக்கிறவர் ஈரமாக வைத்து மாட்ட வேண்டியது என்று எடுத்துக்கொள்வார். ‘உலர் உறை’யின் உள்முகத்தில் எஞ்சின் ஓடும்போது எண்ணெய்ப்படலம் எப்போதும் இருக்கும், அது உலர்ந்ததே இல்லை. வேறுபாடு உறையின் முதுகில், அதாவது வெளிமுகத்தில் இருக்கிறது. ஒன்றன் முதுகைக் குளிர்நீர் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) தொடுகிறது, வெப்பம் நேராக நீருக்குப் போகிறது. மற்றதன் முதுகு பிளாக்கின் சுவரோடு ஒட்டியிருக்கிறது, வெப்பம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நீரை அடைகிறது.

சொல் இதைக் காட்டினால் மாட்டும்போது நடக்கும் ஒரு பெரிய தவறு குறையும். முதல் வகைக்கு நீரைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு வளையம் இல்லாமல் முடியாது. இரண்டாம் வகையின் முதுகில் எந்த அடைப்புப் பசையும் தடவக் கூடாது. பசை வெப்பத்தைத் தடுக்கும், அந்த இடத்தில் உறை சூடேறிப் பிஸ்டன் உரசும். துருத் துணுக்கு, கெட்டிப்பட்ட பழைய எண்ணெய், கோணிய பிளாக்குத் துளை எல்லாம் செய்யும் கெடுதியும் இதுதான்.

ஆகவே நீருறை, சுவருறை. சுருக்கமாகவும் இருக்கும்.

———

உருளையுறைக்கு உடன்படுகிறேன். நீருறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்டர் ஜாக்கெட்டுக்கு, அதாவது பிளாக்குக்குள் நீர் சுற்றும் அறைக்கு, ‘நீருறை’ என்று எழுதும் வழக்கம் உண்டு. “நீருறையை இறக்கும் முன் நீருறையைத் துப்புரவாக்கவும்” என்று ஒரு வரி வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

‘நீர்படு உறை’, ‘நீர்படா உறை’ என்று வைக்கலாமா? பொருள் துல்லியமாக வருகிறது.

———

பொருள் சரி. ஆனால் படு, படா இரண்டும் ஓர் உயிரெழுத்தில் பிரிகின்றன. எண்ணெய்க் கையோடு புரட்டும் பக்கத்தில் அந்த வேறுபாடு தப்பிவிடும். எதிர்ச்சொற்கள் முதல் எழுத்திலேயே பிரிய வேண்டும். ‘நீர்சூழ் உறை’, ‘சுவர்சேர் உறை’ என்று வையுங்கள். ஜாக்கெட்டுக்கு ‘நீரறை’ போதும்.

சுவர்சேர் உறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றை அழுத்தி ஏற்றுவார்கள்; பிளாக்குத் துளையைவிட உறையின் வெளிவிட்டம் பெரும்பாலும் 0.02 முதல் 0.08 மி.மீ. வரை கூடுதலாக இருக்கும், ஏற்றிய பிறகுதான் உள்விட்டத்தை அளவுக்குக் கடைந்து (போர்), உரசித் தீட்ட (ஹோன்) வேண்டும். மற்றது கையால் நழுவி இறங்குவது, உள்விட்டம் முடித்தே வரும். இவற்றுக்கு ‘இறுக்கு’, ‘நழுவு’ என்று அடைமொழி சேர்த்தால் போதும்.

> புடைப்பு

இதற்குத்தான் நீண்ட விளக்கம் வேண்டும். பழைய எஞ்சினைக் கட்டும்போது தோற்பது பெரும்பாலும் இந்த அளவில்தான்.

நீர்சூழ் உறையின் மேல்விளிம்பு பிளாக்கில் வெட்டிய ஒரு படியில் அமர்கிறது. அமர்ந்தபின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். பல எஞ்சின்களில் அது 0.05 முதல் 0.15 மி.மீ. வரை, உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் எண்ணே முடிவு. ஹெட்டை (உருளைகளை மேலே மூடும் பாகத்தை) முறுக்கும்போது, இடையில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டின் நெருப்பு வளையத்தை, அதாவது உருளையைச் சுற்றியுள்ள உலோக விளிம்பை, இந்தச் சிறு உயரம்தான் நசுக்கிப் பிடிக்கிறது. குறைந்தால் உருளைக்குள் எரியும் வாயு குளிர்நீருக்குள் கசியும், ரேடியேட்டரில் குமிழி வரும். கூடினால் விளிம்பின் அடியில் விரிசல் விழலாம், சுற்றியுள்ள நீர், எண்ணெய்த் துளைகளில் கேஸ்கெட் அழுந்தாமல் போகும். ஓர் உறை மட்டும் அடுத்ததைவிட உயர்ந்தால் ஹெட் பாலம் போல நிற்கும், தாழ்ந்த உறையின் மேல் பிடிப்பு இருக்காது. அதனால் ஒரே ஹெட்டின் கீழுள்ள உறைகளுக்கு இடையே வேறுபாடு 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது.

இதைப் ‘புடைப்பு’ என்றால், உண்மையிலேயே புடைக்கும் இன்னொரு குறைக்குச் சொல் இருக்காது. ரப்பர் வளையம் உறையின் கீழ்ப்பகுதியை உள்ளே தள்ளி, துளை அந்த இடத்தில் சுருங்குவதுண்டு. அதுதான் புடைப்பு, உட்புடைப்பு. விளிம்பு மேலே நீட்டி நிற்பதற்குத் ‘துருத்தம்’ சரியாக வரும். துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது எல்லாரும் பேசும் பேச்சு. விளிம்பு அமரும் இடம் ‘தாங்குபடி’.

———

துருத்தமும் தாங்குபடியும் நன்று. சொற்கள் ஓடுகின்றனவா என்று செய்முறையையே எழுதிப் பார்த்தேன்:

“தாங்குபடியிலும் கீழ்வளைய இருக்கையிலும் உள்ள துரு, செதிள், பழைய பசையை வெறும் உலோகம் தெரியும்வரை நீக்கவும். வளையம் முதலில் தொடும் விளிம்பு கூராக இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் மழுக்கவும். கூர் விளிம்பு வளையத்தைச் சீவிவிடும். வளையமில்லாமல் உறையை இறக்கவும். கைப்பாரத்தில் இறங்கிக் கையால் சுழல வேண்டும். தடித்த வாஷரும் போல்ட்டும் வைத்து விளிம்பைப் பிடித்து, டயல் கேஜால் நான்கு இடங்களில் துருத்தம் அளக்கவும்.

விளிம்பின் தடிமன் 10.08, தாங்குபடியின் ஆழம் 10.00 என்றால் துருத்தம் 0.08 மி.மீ. அதிர்வில் படி 0.06 தேய்ந்திருந்தால் துருத்தம் 0.02க்கு இறங்கிவிடும். அப்போது படியை 10.30 ஆழத்துக்குச் சமமாகச் சீவி, 0.30 தகடு வைத்தால் பழைய 0.08 திரும்பும். படி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்போது சீவாமல் தகடு வைத்தால் உறை சாய்ந்து நிற்கும்.

துருத்தம் சரியான பிறகே உறையை வெளியே எடுத்து வளையம் மாட்டவும். முறுக்கு இருந்தால், வழவழப்பான கம்பியை அடியில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நீங்கும். கையேடு சொல்லும் வழுக்குப்பொருளை மட்டும் தடவவும். எபிடிஎம் (EPDM) என்னும் செயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊதும், அதற்குச் சோப்புநீர். மாட்டியதும் உடனே நேராக, ஒரே அழுத்தத்தில் இறக்கவும். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.”

———

> கையேடு சொல்லும் வழுக்குப்பொருளை மட்டும்

இங்கே காரணத்தையும் சேர்த்துவிடுங்கள். ரப்பர் அமுங்கிச் சிறிதாகாது, இடம் பெயரும். வளையம் அமரும் வரிப்பள்ளத்தில் அது பெயர்ந்துகொள்ள இடம் விட்டுத்தான் பள்ளத்தை வெட்டியிருக்கிறார்கள். பசையை நிரப்பினாலோ ரப்பர் ஊதினாலோ இடம் தீர்ந்துவிடும், பிறகு உறைச்சுவர்தான் நகர வேண்டும். உட்புடைப்பு வருவது இப்படித்தான். ஆகவே இறக்கியபின் வளையத்தின் மட்டத்தில் உள்விட்டத்தைப் பல திசைகளில் அளந்து, இறக்கும் முன் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். 0.03 மி.மீ. சுருங்கியிருந்தாலே வெளியே எடுத்து வளையத்தைப் பாருங்கள். பிஸ்டன் ஏற்றியபின் கண்டுபிடிப்பது மிகவும் தாமதம்.

இன்னொரு வரியும் வேண்டும்: ஹெட் ஏறும்வரை போல்ட்டும் வாஷரும் விளிம்பைப் பிடித்திருக்கட்டும். பிஸ்டன் மாட்டியபின் கிராங்கைச் சுற்றினால் உறை மேலே தூக்கும், வளையம் இடம் மாறும்.

சில எஞ்சின்களில் இரண்டு கீழ்வளையங்களுக்கு நடுவே பிளாக்கிலிருந்து வெளியே ஒரு சிறு துளை வரும். ‘கசிதுளை’ என்றால் கசிவதே அதன் குறை என்று படும், அதை அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது கசிவைச் சொல்லும் துளை. நீர் வந்தால் மேல்வளையம் போய்விட்டது, எண்ணெய் வந்தால் கீழ்வளையம். ‘கசிவுகாட்டி’ என்று வைத்தால் யாரும் அடைக்கமாட்டார்கள்.

———

கசிவுகாட்டி பட்டியலில் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று: கேவிட்டேஷனால் உறையின் முதுகில் விழும் ஊசித்துளைகள். ‘துருக்குழி’ என்று வரைவில் இருக்கிறது.

———

துருக்குழி என்று எழுதினால் துருவை நீக்கிவிட்டு அதே உறையை மாட்டிவிடுவார்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போது உறை அதிர்கிறது, நீரில் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன, அந்த அடி உலோகத்தைக் கொத்துகிறது. எனவே குழிகள் பெரும்பாலும் பிஸ்டன் மோதும் பக்கத்தில் ஒரு பட்டையாக இருக்கும். துரு அப்படிப் பக்கம் பார்க்காது. ‘குமிழரிப்பு’ என்று வையுங்கள். குழி ஆழமாக இருந்தால் உறையை மாற்ற வேண்டும். புது உறைக்கும் அது வராதிருக்க, குளிர்நீரில் எஞ்சினுக்கு உரிய அரிப்புத்தடுப்பி சரியான அளவில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் புது உறையும் அதே வழியில் போகும்.

கடைசிச் சோதனையையும் கையேட்டில் விட்டுவிட வேண்டாம்: ஹெட்டை முறுக்கி, சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த்தொட்டி) மாட்டும் முன் நீரறையை நிரப்பி, ஓர் இரவு விட்டு, உருளையுறைகளின் அடியை விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்த உறை வெளியே வர வேண்டியதுதான்.