ஜம்பருக்குத் 'தளை' பொருந்துமா?

ஜம்பர் (jumper) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழில் 'குதிப்பான்' வேண்டாம், 'தளை' போதும் என்பதே என் கருத்து. நெகிழ்வட்டு இயக்ககத்தின் (floppy drive) பின்புறம் இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு எங்கேயும் குதிப்பதில்லை, உள்ளே இருக்கும் உலோகத்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு முட்களைச் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். செய்யுளில் நின்ற சீரின் கடைசி அசையும் வரும் சீரின் முதல் அசையும் சேர்வதைத் தளை என்கிறோமே, வேலை அதேதான். தளையிடு, தளையைக் கழற்று என்று வினையாகவும் சிரமமில்லாமல் வரும். கட்டற்ற மென்பொருளை (free software) 'தளையறு மென்பொருள்' என்று சிலர் எழுதுவதால் குழப்பம் வரும் என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை, கையில் இயக்ககத்தை வைத்திருப்பவர் அப்படிக் குழம்ப மாட்டார்.

சரி, இயக்ககம் எந்த எண்ணுக்குரியது என்று தெரிவு செய்யும் டிரைவ் செலக்ட் (சுருக்கமாக டி.எஸ்.) ஜம்பருக்கு வருவோம். 'தெரிதளை' போதும். வினைத்தொகை என்பதால் நடுவில் 'த்' வேண்டாம்.

ஆனால் எண்ணில்தான் உண்மையான சிக்கல். சில இயக்ககங்களில் டி.எஸ்.0 முதல் 3 வரை அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 1 முதல் 4 வரை. பழைய ஐ.பி.எம். வகைக் கணினிகளில் இரண்டு இயக்ககங்களையுமே இரண்டாவது இடத்தில்தான் தளையிட வேண்டும், அதாவது ஒன்றில் டி.எஸ்.1 என்று இருப்பதே இன்னொன்றில் டி.எஸ்.2. இது தெரியாமல் இரண்டிலும் 1 என்று எழுதிய இடத்தில் போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க நான் அல்லாடியிருக்கிறேன். அதனால் எண்ணை அப்படியே எழுதாமல் 'இரண்டாம் தெரிதளை' என்று எழுதினால் எந்தப் பலகைக்கும் பொருந்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்ச்சொல் வேண்டும் என்பேன்.

இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கணினி எப்படிப் பிரித்தறியும் என்று கேட்பவருக்கு இயக்ககங்களைக் கணினியோடு இணைக்கும் 34 கம்பிப் பட்டையில் இருக்கும் முறுக்கைக் காட்ட வேண்டும். 10 முதல் 16 வரையான கம்பிகள் அங்கே தலைகீழாக மாறுகின்றன, அதில் தெரிவுக் கம்பிகளும் மோட்டார்க் கம்பிகளும் இடம் மாறிவிடுவதால் முறுக்குக்கு அப்பால் இருப்பது 'ஏ' இயக்ககம், முன்னால் இருப்பது 'பி' இயக்ககம். முறுக்கு என்பது ஏற்கெனவே நல்ல சொல், புதிதாக எதுவும் வேண்டாம். பட்டையின் கடைசி இயக்ககத்தில் செருகும் டெர்மினேட்டர் என்ற மின்தடைக்கு 'ஈற்றுத்தடை' சொல்லலாம். பயாஸ் (கணினியின் தொடக்க நிரல்) அமைப்பில் வட்டின் கொள்ளளவை 360 கே.பி., 1.2 எம்.பி., 720 கே.பி., 1.44 எம்.பி. என்று தேர்ந்தெடுப்பது வெறும் 'இயக்கக வகை'.

அப்புறம், ஐ.பி.எம்.மின் ஏ.டி. கணினிக் காலத்திலிருந்து 34-ஆம் கம்பி வட்டு மாற்றப்பட்டதைத் தெரிவிக்கிறது. அதற்கான தளை தவறினால், புது வட்டைப் போட்ட பிறகும் திரையில் பழைய வட்டின் கோப்புப் பட்டியலே வரும், அந்த நிலையில் எதையாவது எழுதினால் புது வட்டில் இருப்பதெல்லாம் பாழ். இதற்கு 'மாற்றுத்தளை' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை, பதிலுக்குப் போடும் தளை என்று படித்துவிடுவார்கள். நீளமானாலும் 'வட்டுமாற்றத் தளை' என்றே வைப்போம்.