முடக்க காலத்தில் சட்ட அலுவலகத்தை நடத்துவதும் வளர்ப்பதும்: திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

திருமலைச் சட்டத்தரணி (செப்டெம்பர் 2021)

வணக்கம். திருகோணமலை நகரில் இரண்டு கனிஷ்ட சட்டத்தரணிகளுடனும் ஒரு லிகிதருடனும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். காணி வழக்குகளும் பராமரிப்பு வழக்குகளுமே எமது வேலையில் பெரும்பகுதி. கொவிட்-19 தொற்றுநோயால் 2020 மார்ச் 20 ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு முதல், இவ்வாண்டு மே மாதப் பயணத்தடை, ஓகஸ்ட் 20 இல் தொடங்கிய தற்போதைய முடக்கம் வரை, பல வழக்குகள் விசாரணைக்கு எடுக்கப்படாமலே அடுத்த தவணைக்குப் போய்விட்டன. தவணைக்குத் தவணை கிடைக்கும் கட்டணத்தையே நம்பியிருந்த எமது வருமானம் இதனால் மிகவும் குறைந்துவிட்டது. கட்சிக்காரர்களிடமும் பணம் இல்லை. கடற்றொழிலையும் ஹோட்டல் வேலையையும் நம்பியிருந்த குடும்பங்களிடம் கட்டணத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கனிஷ்டர் ஒருவரை நிறுத்திச் செலவைக் குறைப்பதா, அல்லது இக்காலத்திலேயே புதிய துறைகளில் இறங்கி அலுவலகத்தை வளர்க்க முயல்வதா என்று தெளிய விரும்புகிறேன். முகநூலில் விளம்பரம் செய்யும்படி உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். அனுபவமுள்ளவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மூத்த சட்டத்தரணி, உவர்மலை

தம்பி, கனிஷ்டரை நிறுத்தும் எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். நீதிமன்றங்கள் முழுமையாக இயங்கத் தொடங்கும்போது, தள்ளிப்போன வழக்குகள் எல்லாம் திருகோணமலையிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அப்போது பயிற்றிய ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. அலுவலகக் கணக்கை இருவருக்கும் திறந்து காட்டி, குறைந்த நிலையான கொடுப்பனவும் முடித்த வேலைக்குரிய பங்குமாக ஓர் ஏற்பாட்டை அவர்களுடன் பேசித் தீர்மானியுங்கள்.

வளர்ச்சியைப் பற்றிச் சிந்திக்கும் முன், காலவரையறைப் பதிவேடு ஒன்றை இன்றே தொடங்குங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாட்கள், மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்கள், அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம், நட்டஈட்டு வழக்குக்கு 2 ஆண்டுகள், எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள், எழுதப்பட்டதற்கு 6 ஆண்டுகள் என்று ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் கடைசித் திகதி எழுதப்பட்டிருக்க வேண்டும். 2021 ஓகஸ்ட் 23 ஆம் திகதி சான்றுரைக்கப்பட்ட 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க கொவிட்-19 தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 2020 மார்ச் 1 முதல் செயற்படுவதாகக் கருதப்படுகிறது. தொற்றுநோயின் காரணமாக உரிய காலத்துக்குள் ஒரு காரியத்தைச் செய்ய இயலாதவருக்கு அது தற்காலிகமாக நிவாரணம் தருகிறது, தொலைத்தொடர்பு வழியான விசாரணைக்கும் இடம் தருகிறது. ஆனால் அந்த நிவாரணம் தானாக வந்து சேரும் என்று எண்ணியிருப்பது ஆபத்தானது. இயலாமைக்குக் காரணம் தொற்றுநோயே என்று நாம்தான் காட்ட வேண்டும்; ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தனிமைப்படுத்தல் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் போன்றவற்றை இப்போதே வாங்கிக் கோப்பில் சேருங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேட முடியாது.

புதிய வேலை நம் ஊரிலேயே காத்திருக்கிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மூடிக் கிடக்கும் ஹோட்டல்களின் உரிமையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் இன்று சட்ட ஆலோசனை தேவை. 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வகையில் அவரைப் பணியிலிருந்து நீக்குவதை 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இதை அறியாத முதலாளிகளும் ஊழியர்களும் பலர். கடன் தவணைச் சலுகை முடிந்ததும் வங்கிகள், வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலமிடும் பராட்டே அதிகாரத்தை நாடக்கூடும். அதற்கு முன் வங்கியுடன் பேசிக் கடனைச் சீரமைத்துக் கொடுக்கும் ஒருவர் சிறு வியாபாரிகளுக்கு வேண்டும். இத்தகைய ஆலோசனைக்கு முழு வேலைக்கும் ஒரே கட்டணம் என்று முன்னரே எழுதிக் கொடுத்துப் பகுதி பகுதியாக வாங்கலாம். நீதிமன்றம் மூடினாலும் அந்த வருமானம் நிற்காது.

விளம்பரம் வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கட்சிக்காரரைத் தேடிப் பிடிப்பதற்கு இடம் தரவில்லை. நம் தொழிலில் நன்றாக முடித்த ஒரு கோப்பே அடுத்த கோப்பைக் கொண்டுவரும்.

மூதூர் நொத்தாரிசு

அஸ்ஸலாமு அலைக்கும். மூத்தவர் கூறியதோடு, நொத்தாரிசாக நான் செய்யும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதும் வேலையைப் பற்றியும் கூற விரும்புகிறேன், சகோதரர். அதை முழுமையாகத் தொலைபேசிக்கு மாற்ற முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உறுதியில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமும் காணி விற்பனை, இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம் (ஒருவர் தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) ஆகியவற்றைத் தனக்குப் புறம்பாகவே விட்டிருக்கிறது.

ஆகவே கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். காணிப் பதிவகத் தேடலையும் வரைவையும் முதலில் முடித்து, வரைவைத் தரப்பினருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டித் திருத்திய பின்னரே வரச் சொல்கிறேன். கையெழுத்து விறாந்தையில், காற்றோட்டமாக, சில நிமிடங்களில் முடிகிறது. முடக்கத்தில் அலுவலகம் மூடியிருந்தாலும், இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்பும் கடமை நம் தலையில் இருப்பதாகவே கொள்ளுங்கள். வெளிநாட்டிலுள்ளவர்கள் ஊருக்கு வர முடியாமல் அற்றோணித் தத்துவம் மூலம் காணி விற்பது இப்போது கூடியிருக்கிறது. அதை வழங்கியவர் உயிரோடிருக்கிறாரா, அதை இரத்துச் செய்திருக்கிறாரா என்பதைக் காணொளி அழைப்பில் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யாமல் ஓர் உறுதியையும் எழுத வேண்டாம்.

திருமலைச் சட்டத்தரணி

இருவருக்கும் நன்றி. பதிவேட்டை நாளையே தொடங்குகிறேன். இன்னும் ஒன்று: கட்சிக்காரர்களுடன் வாட்ஸ்அப் வழியாகக் கோப்புகளைப் பரிமாறுவதில் கவனிக்க வேண்டியவை உண்டா?

அலுவலக லிகிதர், சீனக்குடா

ஐயா, நான் பல காலமாகச் சட்ட அலுவலகத்தில் லிகிதராக இருப்பவள். முதலில் அந்தத் தொலைபேசி யாருடையது என்று கேளுங்கள். பல வீடுகளில் ஒரே தொலைபேசிதான் இருக்கிறது. பராமரிப்பு வழக்கோ குடும்ப வன்முறைப் பாதுகாப்புக் கட்டளையோ கோரும் பெண்ணுக்கு நாம் அனுப்பும் வரைவைக் கணவர் முதலில் வாசித்துவிட்டால், அப்பெண்ணுக்கு நேரக்கூடிய தீங்கை எந்தக் கட்டளையாலும் மாற்ற முடியாது. அத்தகையவர்களுக்கு எழுத்தில் எதையும் அனுப்பாமல், அவர் குறித்துத் தரும் நேரத்தில் மட்டும் அழைத்துப் பேசுகிறோம்.

குச்சவெளி, சம்பூர்ப் பக்கத்து முதியவர்களுக்குத் திறன்பேசி இல்லை. ஆகையால் தவணை மாறியதும் அன்று மாலையே ஒவ்வொருவரையும் அழைத்துப் புதிய திகதியைச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதைக் கோப்பில் எழுதுகிறோம். பஸ் இல்லாத நாளில் வாகனத்துக்கு வாடகை கொடுத்து நீதிமன்றம் வந்து வெறுங்கையோடு திரும்பும் துன்பம் அவர்களுக்கு இதனால் நேர்வதில்லை. உறுதிகளின் மூலப் பிரதிகளைக் கேட்டு வாங்க வேண்டாம். படப்பிரதி போதும், மூலம் கையெழுத்து நாளில் வரட்டும்.