600 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருந்தும் கேம் நடுவில் சிஸ்டம் அணைந்துவிடுகிறது. உதவி தேவை

இரவுக்கோட்டான்:
வணக்கம். பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்த சிஸ்டம். ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு இருந்தவரை தொல்லையே இல்லை. இப்போது செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கிப் போட்டிருக்கிறேன். கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை வராது, ஹேங் ஆகாது, கரண்ட் போன மாதிரி மொத்தமும் போய்விடும். பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகிறது. கார்டின் சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. வாட் கால்குலேட்டர் 450 சொச்சம்தான் காட்டுகிறது. 150 வாட் மிச்சம் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படலாமா? இல்லை, கார்டே பழுதா?

வயர்மேன்:
சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வருகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூட்டிக்கொள்கிறது. பெட்டிமேல் போட்ட 600ஐ விடுங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்? ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் அந்த லைன்தான் சோறு போடுகிறது. கார்டின் இரண்டு 8 பின் மின் இணைப்புக்கும் தனித்தனி கேபிளா என்றும் பாருங்கள்.

கட்டெறும்பு:
1000 வாட் வாங்கிப் போடுங்க ப்ரோ, தலைவலி விட்டது.

இரவுக்கோட்டான்:
+12 வோல்ட்டுக்கு 38 ஆம்பியர். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டுக்கும் சேர்த்து 130 வாட் என்று தனியாகப் போட்டிருக்கிறது. 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரை இல்லை. கார்டுக்கு ஒரே கேபிள்தான், நுனியில் இரண்டு 8 பின்.

வயர்மேன்:
38ஐ 12ஆல் பெருக்கினால் 456 வாட். அதோடு இந்த 130ஐக் கூட்டி, மேலே கொஞ்சம் தூக்கி 600 என்று அச்சடித்துவிட்டார்கள். அந்த 130ஆல் உங்கள் கார்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கார்டு 320 வாட், ப்ராசஸர் முழு மூச்சில் 76, மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் தோராயமாக 50. மொத்தம் 446. விளிம்பில் ஓடுகிறது. அதுவும் சராசரிக் கணக்குதான். 3080 வகைக் கார்டுகள் மில்லிசெகண்டு நேரத்துக்கு இந்த 320ஐ விட வெகுவாக எகிறும். மானிட்டரிங் மென்பொருள் அதைப் பிடிக்காது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட் பிடித்துவிடும். என்விடியாவே இந்தக் கார்டுக்கு 750 வாட் போடச் சொல்கிறது.

செலவு செய்யுமுன் ஒரு சோதனை: ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் வரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான்.

சாலிடர்சாமி:
1000 வேண்டாம், வீண் செலவு. 750 போதும். பிற்பாடு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 850.

80 பிளஸ் கோல்டு முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் அது சொல்லும், உள்ளே போட்ட பாகங்களின் தரத்தைச் சொல்லாது. பிரித்துப் போட்டுச் சோதித்த விமர்சனம் ஒன்றாவது படியுங்கள். ஏடிஎக்ஸ் 3.0 (எஸ்எம்பிஎஸ்ஸுக்கான தர விதி) என்று இருந்தால் நல்லது. 100 மைக்ரோசெகண்டுக்கு இரண்டு மடங்கு வாட் எகிறினாலும் தாங்க வேண்டும் என்பது அதன் விதி, உங்கள் நோய்க்கு அதுதான் மருந்து.

புதியது மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் பழைய கேபிள் ஒன்றைக்கூட அதில் செருகாதீர்கள். பின் பொருந்தும், ஆனால் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும். கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள் இழுங்கள்.

இரவுக்கோட்டான்:
70 சதவீதத்தில் சாயங்காலம் முழுக்க ஓடியது, அணையவே இல்லை. எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) பெரிதாகக் குறையவில்லை, ஆச்சரியம். 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 ஆர்டர் போட்டாயிற்று. அது வரும்வரை இப்படியே விளையாடலாமா?

வயர்மேன்:
பழைய 1660 இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவுக்கோட்டான்:
அதை விற்றுத்தானே இதை வாங்கினேன்!

வயர்மேன்:
சரி, 60க்கு இறக்குங்கள். கேமில் எஃப்பிஎஸ்ஸுக்கும் ஒரு லாக் போட்டுவிடுங்கள், மெனு திரையில் சும்மா 300, 400 என்று ஓடி வாட்டைத் தின்னும். விளையாடி முடித்ததும் அந்த ஒற்றைக் கேபிளின் பின்னைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் புதியது வரும்வரை கேமே வேண்டாம்.