வரிசெலவு வரம்பா, போகாற்று வரையா?

தெம்பனிஸ்:
குழுவினருக்கு வணக்கம். இங்கே சிங்கப்பூரில் உள்ள சுற்றுச்சூழல் தொண்டூழியர்களுக்கான கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் தம் நகராட்சிகளின் வரியையும் செலவையும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவதும், அதனால் மழைநீர் வடிகாலும் பசுமை நிலமும் காசில்லாமல் காத்துக்கிடப்பதும்தான் பொருள். 'டாக்ஸ் அண்ட் எக்ஸ்பெண்டிச்சர் லிமிட்' என்று வருமிடமெல்லாம் 'செலவு உச்சவரம்பு' என்று எழுதியிருக்கிறேன். நில உச்சவரம்பு எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே. பொருந்துமா?

பிடோக்:
பொருந்தாது தம்பி. மாசசூசெட்ஸில் 1980இல் வாக்காளர்கள் கொண்டுவந்த 'இரண்டரை' சட்டம் செலவைத் தொடவே இல்லை. புதுக் கட்டடங்களால் வருவது நீங்கலாக, சொத்துவரி வசூலின் வரம்பு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. ஊரார் வாக்களித்தால் தாண்டலாம். கலிபோர்னியாவின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் சொத்துவரியைத்தான் பிடித்தது: மதிப்பில் 1 விழுக்காடு. வருவதை அடைத்தால் போவது தானே வற்றும். 'வரி வரம்பு' என்று போடுங்கள்.

ஈசூன்:
இரண்டுக்கும் நம்மிடம் சொல் இருக்கும்போது ஏன் திண்டாட்டம்? குறள் 478ஐப் பாருங்கள். ஆகாறு வருவாய், போகாறு செலவு. ஆகாற்று வரை, போகாற்று வரை. வரை என்றால் மலை, வரை என்றால் கோடு, வரை என்றால் எல்லை. வரம்பு, வரப்பு, வரைவு, வரையறை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. மேலும் அந்தக் குறள், வருவாய் சிறிதானாலும் கேடில்லை, செலவு அகலாதிருந்தால் போதும் என்கிறது. கட்டுரையின் பொருளே அதுதானே!

உட்லண்ட்ஸ்:
ஐயா, குறள் தெரிந்தவருக்குத்தான் போகாறு விளங்கும். என் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் 'போகாறு' என்றால் எந்த ஆறு என்று கேட்பார்கள். எனக்கு வேறொரு கவலை. 'மாநிலம்' என்று எழுதாமல் 'அரசு' என்று எழுதினால் நம் வாசகர் நம் அரசாங்கத்தை நினைப்பார். 'நகர மன்றம்' என்று எழுதினாலோ அடுக்குமாடி புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் மன்றம் நினைவுக்கு வரும். நம் நகர மன்றங்கள் வரி விதிப்பதில்லை. சேவை, பராமரிப்புக் கட்டணம் வாங்குகின்றன, அரசாங்க மானியம் பெறுகின்றன. வடிகாலைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்க்கிறது. இங்கே இல்லாத ஓர் அமைப்புக்கு இங்குள்ள பெயரைப் போட்டால் கட்டுரை கெட்டுவிடும்.

ஜூரோங்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் உள்ளூராட்சி என்போம், தமிழ்நாட்டில் உள்ளாட்சி. இரண்டும் விளங்கும். உள்ளூராட்சி என்றால் ஊர் கண்ணுக்குத் தெரிகிறது.

தோ பாயோ:
ஊர் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், 919, 921. வாரியம் என்றால் அன்று ஊர்க் குழு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது. இவ்வளவு செலவழி என்று எல்லை கட்டுவது ஒரு வழி, செலவழித்தவனைக் கணக்குக் கேட்பது இன்னொரு வழி. 'வாரியச் செலவு வரம்பு' என்று போட்டால் என்ன?

உட்லண்ட்ஸ்:
அக்கா, இங்கே வாரியம் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம். நாடு முழுமைக்கும் ஒன்று. உள்ளூர் என்ற பொருள் அந்தச் சொல்லை விட்டுப் போய் நாளாயிற்று.

தெம்பனிஸ்:
எல்லாவற்றையும் படித்தேன். பிடோக் ஐயா, வரி வரம்பு மட்டும் போதாது. கலிபோர்னியாவே 1979இல் ஆண்டுச் செலவு ஒதுக்கீட்டுக்கும் வரம்பு வைத்தது. கொலராடோவின் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் வருவாய், செலவு இரண்டையும் பிடிக்கிறது. என் கட்டுரையில் பாதி மழைநீர்தான். 1996 முதல் கலிபோர்னியாவில் நிலவுடைமை சார்ந்த கட்டணத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டும். குடிநீர், கழிவுநீர், குப்பைக்கு விலக்கு. மழைநீர் வடிகாலுக்கு அந்த விலக்குக் கிடையாது என்று 2002இல் சலினாஸ் நகர வழக்கில் தீர்ப்பானது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி (மாவட்டம் போன்றது) 2018இல் வாக்காளரிடம் போய் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்ற பிறகுதான், நீர் இறங்காத தரைக்குச் சதுர அடிக்கு 2.5 சென்ட் வரி போட முடிந்தது. இதையெல்லாம் ஒரே சொல் தாங்க வேண்டும். 'உள்ளாட்சி வரிசெலவு வரம்பு' என்று முடிக்கட்டுமா?

பிடோக்:
சரி. 'வாக்களித்தால் தாண்டலாம்' என்பதை முதலில் வருமிடத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். உச்சவரம்பு என்றால் அசையாத கூரை போலத் தோன்றும். தொண்டூழியர்கள் கூட்டம் நடத்தி ஆதரவு திரட்டியதால்தான் பல ஊர்களில் அது உயர்ந்தது.

ஜூரோங்:
எனக்கு உள்ளூராட்சிதான் விருப்பம், ஆனாலும் தடையில்லை.

உட்லண்ட்ஸ்:
ஆதரிக்கிறேன். வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஈசூன்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'வரிசெலவு' என்று நீங்கள் எழுதுவதைக் கண் 'வரவுசெலவு' என்றே வாசிக்கும். மெய்ப்புப் பார்ப்பவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார். பிடோக் ஐயா வாதாடிப் பெற்ற 'வரி' காணாமல் போய்விடும். ஆகாறு போகாறு என்றிருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்புங்கள் தம்பி, அந்தச் சொல்லை மட்டுமாவது பார்த்துத் தருகிறேன்.