வீட்டு ஹாலில் பதிவான ‘பிளாக் வினைல் ஷூஸ்’: இவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?

மொட்டைமாடி_கிட்டார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பவர் பாப் என்ற இசை வகையின் பக்கம் நான் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கிட்டார் சத்தமாக இருக்க வேண்டும், மெட்டு தேனாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட வேண்டும். இத்தனை நாள் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது.

போன வாரம் ஷூஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1977 ஆல்பமான ‘பிளாக் வினைல் ஷூஸ்’ கேட்டேன். பதினைந்து பாட்டு. வீட்டு ஹாலில், நான்கு டிராக் (ஒலித்தடம்) டேப் மெஷினில் அவர்களே பதிவு செய்தது என்கிறார்கள். கம்பெனியும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை. அப்புறம் எப்படி வெளியே தெரிந்தார்கள்? நாங்களும் மூன்று பேர், மொட்டை மாடி அறையில் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். “முதலில் மேடை ஏறிப் பழகுங்கள், பதிவெல்லாம் பிறகு” என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்_ராமநாதன் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த ஊரைச் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சையன். நம் தமிழ் பைபிளில் சீயோன் என்று வருமே, அதே பெயர்தான். ஜான் அலெக்சாண்டர் டவீ என்ற போதகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் சபைக்காகவே கட்டிய ஊர். எசேக்கியேல், எலிசா, கலிலேயா என்று தெருவுக்குத் தெரு வேதாகமப் பெயர். நான் வேலை விஷயமாகச் சில வருடம் அந்தப் பக்கம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். ஓட்டு வீடுகள், புல்வெளிகள், ஏரிக்காற்று, அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊர் பிறந்த நாளிலிருந்தே அங்கே மது விற்கத் தடை. 1970களிலும் அந்தத் தடை இருந்தது. அமெரிக்காவில் ஒரு புதுக் குழு வாசித்துப் பழகுவது பார்களில்தான். சையனில் அப்போது பாரே இல்லை. ஆக ஜான் மர்ஃபி, அவர் சகோதரர் ஜெஃப் மர்ஃபி, நண்பர் கேரி கிளீப் மூவரும் 1974இல் குழு ஆரம்பித்தபோது, ஏறிப் பழக ஊரில் மேடை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழு தொடங்குவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகுதான் வாத்தியமே கற்றுக்கொண்டார்கள்.

1975இல் கேரி கட்டடக்கலை படிக்க பிரான்சுக்குப் போய்விட்டார். வேறு குழுவாக இருந்தால் அத்தோடு கலைந்திருக்கும். மர்ஃபி சகோதரர்கள் இருவரும் உட்கார்ந்து ஓர் ஆல்பத்தையே பதிவு செய்து, 300 பிரதி அச்சடித்து, ஊர் திரும்பும் நண்பனுக்குப் பரிசாக வைத்திருந்தார்கள். பெயர் ‘அன் டான் வெர்சாய்’. நண்பன் வெளியூர் போனால் நாம் கடிதம் எழுதுவோம், அவர்கள் இசைத்தட்டு போட்டார்கள். எனக்கு இந்தக் குழுவின் மீது பாசம் வந்தது இந்த இடத்தில்தான்.

கேரி திரும்பி வந்தார், ஸ்கிப் மேயர் என்ற டிரம்மர் சேர்ந்தார். 1977இல் ஜெஃப் வீட்டு ஹாலில், டீயாக் கம்பெனியின் நான்கு டிராக் மெஷினில் நீங்கள் கேட்ட ஆல்பம் பதிவானது. ஆயிரம் பிரதி, சொந்தக் காசில், சொந்த லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) பெயரில். அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ‘பாம்ப்’ என்ற ரசிகர் பத்திரிகையும் லேபிளும் நடத்திக்கொண்டிருந்த கிரெக் ஷா 1978இல் அவர்களின் ஒரு சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டை) வெளியிட்டார். பவர் பாப்புக்கென்றே அவர் சிறப்பிதழ் போட்ட வருடமும் அதுதான். ஹால் ஆல்பத்தை பிவிசி என்ற லேபிள் மறுபடி அச்சிட்டது. 1979இல் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி ஒப்பந்தம் போட்டு, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு மாளிகையில் இயங்கிய மேனர் ஸ்டுடியோவுக்கு அனுப்பி வைத்தது. ஹாலிலிருந்து நேராக மாளிகைக்கு.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மேடை இல்லாததால்தான் அவர்கள் அப்படி ஆனார்கள். மற்ற குழுக்கள் கூட்டத்தின் முன் கற்றுக்கொண்டதை இவர்கள் டேப்பின் முன் கற்றுக்கொண்டார்கள். ஹெட்போன் போட்டு அந்த ஆல்பத்தை இன்னொரு முறை கேளுங்கள். கிட்டார் முரட்டுத்தனமாக இருக்கும். குரலோ, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல மெதுவாக, மூச்சோடு கலந்து வரும். பார் மேடையில் பாடிப் பழகியவர் தொண்டையில் அந்தக் குரல் வராது.

பழைய_தட்டு எழுதியது:

ராமநாதன் அண்ணா சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. மேனரில் பதிவான ‘பிரசன்ட் டென்ஸ்’ ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 50ஆம் இடம் வரை போனது. ஹாலில் புகைமூட்டமாக இருந்த அவர்கள் சத்தம் அதில்தான் கண்ணாடியாகத் தெரிந்தது. என் ஓட்டு அதற்கே. இன்னொரு செய்தி: 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசை வீடியோ சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, முதல் நாளிலேயே ஷூஸ் வீடியோக்கள் ஒன்றுக்கு மேல் ஓடின. வீடியோ எடுத்து வைத்திருந்த குழுக்களே அப்போது குறைவு. ஆனாலும் ‘டங் ட்விஸ்டர்’, ‘பூமராங்’ என்று இன்னும் இரண்டு ஆல்பத்தோடு எலெக்ட்ரா கைகழுவிவிட்டது. ஊர் ஊராக வாசித்து ரசிகர்களைச் சேர்த்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் எண்ணம். மேடை வேண்டாம் என்று மட்டும் இந்தத் தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மொட்டைமாடி_கிட்டார் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நாலே டிராக்கில் அத்தனை குரலும் கிட்டாரும் எப்படி அடங்கின? எங்கள் கம்ப்யூட்டரில் நாற்பது டிராக் திறந்தும் போதவில்லை.

ரீல்_ராமநாதன் எழுதியது:

பழைய_தட்டு சொல்வது நியாயம்தான். மேடை வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, மேடை கிடைக்கும்வரை கைகட்டி உட்கார வேண்டாம் என்கிறேன்.

டிராக் கணக்குக்கு வருகிறேன். கால் அங்குல அகல நாடா, அதில் நான்கு தடம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் முதல் மூன்று தடத்தில் பதிவு செய்தாயிற்று என்று வையுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டால் முதல் மூன்றும் காலி. அவற்றில் குரல்களைப் போடலாம். இதற்குப் பவுன்ஸ் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், கலந்த பிறகு பிரிக்க முடியாது. டிரம்ஸ் சத்தம் குறைவு என்று மறுநாள் தோன்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஒரு படி கூடும். பழைய பாடகர் குழு டேப்புகளை வைத்து நானே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை இறக்கும்போது மழை பெய்வது போல இருந்தது.

ஆகவே எந்தக் குரல் எங்கே வரும், எந்தக் கிட்டார் எப்போது ஒதுங்கும் என்று பட்டனை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். ஷூஸ் பாட்டுகளில் வீண் சத்தம் ஒன்றுகூட இல்லாததற்கு இதுவும் காரணம் என்று நம்புகிறேன். உங்கள் அடுத்த பாட்டை எட்டே டிராக்கில் முடித்துப் பாருங்கள்.

எலெக்ட்ரா போன பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சையனிலேயே ‘ஷார்ட் ஆர்டர் ரெக்கார்டர்’ என்று சொந்த ஸ்டுடியோ நடத்தினார்கள். பழைய லேபிளுக்கு உயிர் கொடுத்து 1989இல் ‘ஸ்டோலன் விஷஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். மெட்டீரியல் இஷ்யூ என்ற சிகாகோ குழுவின் முதல் ஆல்பம் சையனில்தான், ஜெஃப் மர்ஃபியின் கையால் பதிவானது. 1994க்குப் பிறகு பதினெட்டு வருடம் புதிய ஸ்டுடியோ ஆல்பம் இல்லை. 2012இல் ‘இக்னிஷன்’ வந்தது. ஜான், ஜெஃப், கேரி, அதே மூவர், பாட்டுகளைப் பழையபடி தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு. பதிவு செய்த இடம் கேரி வீடு.

உங்கள் பாட்டு முடிந்ததும் இந்த இழையிலேயே போடுங்கள். நான் கேட்கிறேன்.